நிலவில் இறங்கும் கேம்: குழந்தைகளுக்கான விண்வெளி விளையாட்டு செய்ய விரும்புபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சின்னச் சின்ன கேம்கள் செய்கிறேன். அவற்றில் அதிக நாள் உழைத்தது, சந்திரயான்-3 லேண்டரை நிலவில் இறக்கும் கேமுக்குத்தான். அதைப் பார்த்த ஆசிரியர்களும் பெற்றோரும் கேம் செய்யக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

விண்வெளிப் பயணம் என்றால் கடல் மாதிரி. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் கட்டுவது, ஏவுவது, பூமியைச் சுற்றுவது, நிலவுக்குப் போவது, இறங்குவது, ரோவர் ஓட்டுவது என்று எல்லாவற்றையும் முதல் கேமிலேயே போட ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆறு கட்டங்களும் அரைகுறையாக இருந்தால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.

நான் எடுத்துக்கொண்டது கடைசிக் கட்டம். சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிலவைத் தொட்டது. நாற்பது நாள் பயணத்தில் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது கடைசி 19 நிமிடங்களைத்தான். சுமார் 30 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி, அந்த 19 நிமிடத்துக்குள் அத்தனை வேகத்தையும் இழந்து மெதுவாகத் தரையில் உட்கார வேண்டும். வெற்றியா தோல்வியா என்று பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும் ஒரு பிரச்சினை அதில் இருக்கிறது. கேமுக்கு அதுதான் வேண்டும்.

இது ஏற்கெனவே பலர் செய்த கேம்தானே?

ஆமாம், செய்ததுதான். மனிதன் நிலவில் இறங்கிய அதே 1969-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர் தன் பள்ளியின் கணினியில் இப்படி ஒரு கேம் எழுதினார். படம் கிடையாது, வெறும் எண்கள். உயரம், வேகம், மீதி எரிபொருள் ஆகியவற்றைக் கணினி அச்சிட்டுக் காட்டும். அடுத்த பத்து நொடிக்கு எவ்வளவு எரிபொருள் எரிக்க வேண்டும் என்று ஆடுபவர் தட்டச்சு செய்ய வேண்டும். பத்தாண்டு கழித்து அட்டாரி நிறுவனம் அதே எண்ணத்தைப் படத்தோடு கேம் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்டோரரின் கேமில் ஒரு கணக்கில் இரண்டால் வகுக்க விட்டுப்போனதை 2024-ல்தான் ஒருவர் கண்டுபிடித்தார். அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் அதில் ஆடி, கற்று, வளர்ந்துவிட்டார்கள். ஆகவே பழைய எண்ணமாயிற்றே என்று தயங்காதீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை தன் மொழியில் இறக்கிப் பார்க்கும் முதல் லேண்டர் உங்களுடையதாக இருக்கலாம்.

எண்களை எப்படித் தீர்மானிப்பது? எனக்கு இயற்பியல் அவ்வளவாக வராது.

பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். முழு 19 நிமிடமும் வேண்டாம். சந்திரயான்-3 தரையிலிருந்து 150 மீட்டர் உயரத்தில் சற்று நேரம் அந்தரத்தில் நின்று, கீழே பாறையோ பள்ளமோ இருக்கிறதா என்று பார்த்தது. அங்கிருந்து தொடங்குங்கள்.

நிலவின் ஈர்ப்பு பூமியுடையதில் ஆறில் ஒரு பங்கு. அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1.62 மீட்டர் கூடும். 150 மீட்டரிலிருந்து எஞ்சினைத் தொடாமல் விட்டால் ஏறக்குறைய பதின்மூன்றரை நொடியில் தரை வந்துவிடும். மோதும்போது வேகம் நொடிக்கு 22 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. கணக்கு. நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம்! "நிலவில் எல்லாம் மெதுவாகத்தானே மிதக்கும்" என்று வரும் பிள்ளைக்கு இந்த முதல் மோதலே ஒரு பாடம்.

சந்திரயான்-3 லேண்டரின் கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. கேமிலும் அதே வரம்பை வையுங்கள். வெறுமனே '3' என்று போட்டால் பிள்ளைக்குப் புரியாது. நம் வீட்டு நாற்காலி மேலிருந்து தரையில் குதித்தால் கால் தரையைத் தொடும் வேகம் ஏறக்குறைய அதுதான். ஒரு தடவை குதிக்கச் சொல்லிவிட்டு ஆட விடுங்கள். எங்கள் வகுப்பில் எல்லோரும் குதித்தார்கள், நானும் குதித்தேன்.

அப்புறம் எஞ்சின். அதன் வலுவை நிலவின் ஈர்ப்பைப் போல் சரியாக இரண்டு மடங்கு வையுங்கள். காரணம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஈர்ப்பைக் கழித்து மீதமுள்ள விசை மேல்நோக்கி அதே 1.62 அளவில் நிற்கும். எனவே விழுவதும் நிற்பதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். பாதித் தூரம், அதாவது 75 மீட்டர், சும்மா விழ விட்டு, மீதி 75 மீட்டருக்கு எஞ்சினை முழுதாக ஓட்டினால் தரையைத் தொடும் நேரத்தில் வேகம் சரியாகப் பூஜ்யம். மிகக் குறைந்த எரிபொருளில் இறங்கும் வழியும் இதுதான். இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எரிபொருளை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே "பாதியில் போடணும்" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

அந்த வழியில் அரை நொடி தாமதித்தால் என்ன ஆகும் தெரியுமா? லேண்டர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதும். கால் உடையும். இந்த அரை நொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

நடுநடுவே வினாடி வினா வைக்கலாமா? கல்வி கேம் என்றால் கேள்வி வேண்டுமே.

வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

"நிலவின் ஈர்ப்பு எவ்வளவு? அ, ஆ, இ" என்று ஒரு பெட்டி வந்து நின்றால், பிள்ளை அதைக் கடந்துபோக வேண்டிய தடையாகத்தான் பார்க்கும். மூன்றையும் மாறிமாறித் தட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிடும். ஆட்டம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. விரல் அழுத்தும் பொத்தானிலேயே பாடம் இருக்க வேண்டும். ஈர்ப்பைப் பற்றித் தெரியாமல் இறங்க முடியாது என்ற நிலை இருந்தால் ஈர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்கத் தேவையே இல்லை. எஞ்சின் வலுவை மட்டும் இரண்டு மடங்காக்கிவிட்டு (இல்லாவிட்டால் செவ்வாயின் இழுப்பைத் தாங்காது), அதே லேண்டரைச் செவ்வாயின் ஈர்ப்பில் இறக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை முதல் தடவை மோதும், இரண்டாம் தடவை "இங்கே இழுப்பு ஜாஸ்தி" என்று சொல்லும். அதைவிட நல்ல மதிப்பெண் எந்தத் தேர்விலும் கிடையாது.

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு?

எட்டு முதல் பதின்மூன்று வரை சரியாக வரும். ஆறு, ஏழு வயதுக்கு எரிபொருள் கணக்கை எடுத்துவிட்டு ஒரே ஒரு பொத்தான் கொடுங்கள். எழுத்தைக் குறைத்து, குரலில் சொல்ல வையுங்கள்.

உண்மையை எவ்வளவு வளைக்கலாம்?

நேரத்தையும் தூரத்தையும் வளைக்கலாம். நாற்பது நாளை நாற்பது நொடியாக்குவது குற்றமில்லை, அப்படிச் சுருக்கியிருக்கிறோம் என்று திரையில் தெரிந்தால் போதும். பூமிக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட 3,84,400 கி.மீ. தூரத்தில் முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம். அதை அளவு மாறாமல் வரைந்தால் இரண்டும் இரண்டு புள்ளியாகிவிடும். ஆகவே படத்தைப் பெரிதாக்குங்கள். ஆனால் ஒரே ஒரு இடத்திலாவது உண்மையான அளவைக் காட்டுங்கள்.

வளைக்கக் கூடாதவை வேறு. முதலாவது, எஞ்சினை நிறுத்தினால் விண்கப்பல் நின்றுவிடுவதுபோல் காட்டுவது. நிறைய கேம்களில் அப்படித்தான் இருக்கிறது, ஓட்டுவதற்குச் சுலபம் என்பதால். ஆனால் வெற்றிடத்தில் தடுக்க எதுவும் இல்லை. எஞ்சின் நின்றாலும் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். நியூட்டனின் முதல் விதியைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே இடத்தையும் நாமே கெடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது, "விண்வெளியில் ஈர்ப்பே கிடையாது" என்ற எண்ணம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. வீரர்கள் மிதப்பது, நிலையமும் அவர்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான். இதற்கு ஒரு சின்ன கட்டம் வைத்தோம். உயரமான மலை மேலிருந்து பந்தை வீச வேண்டும், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் பந்து விழ விழத் தரையும் வளைந்து விலகிப்போகும், பந்து சுற்றத் தொடங்கிவிடும். நியூட்டன் 300 ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் வரைந்து காட்டியதுதான் அது.

மூன்றாவது ஒலி. வெற்றிடத்தில் சத்தம் கேட்காது. நாங்கள் நேர்மையாக நிலவுக் காட்சியில் எஞ்சின் சத்தத்தை நிறுத்தினோம். பிள்ளைகள் டேப்லெட் கெட்டுவிட்டது என்று எழுந்து வந்துவிட்டார்கள். அப்புறம் தொடக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதலைக் காதடைக்கும் சத்தத்தோடு வைத்து, ராக்கெட் மேலே போகப்போகக் காற்று குறைவதற்கேற்பச் சத்தத்தையும் தேய விட்டோம். இப்போது நிலவில் அமைதி வரும்போது அது எதனால் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களுக்கே தெரிகிறது.

அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலம் நாலே நாளில் நிலவுக்குப் போனது, நம்முடையது ஏன் நாற்பது நாள் என்று பிள்ளைகள் கேட்கிறார்களே?

நல்ல கேள்வி. கேமிலேயே பதில் சொல்லலாம். அப்பல்லோவைத் தூக்கிய சாட்டர்ன்-5 ஏறக்குறைய 3,000 டன் எடையுள்ள ராட்சத ராக்கெட். நம் எல்விஎம்-3 சுமார் 640 டன். அதனால் ஒரே உந்தில் நிலவுக்கு அனுப்பாமல், பூமியைச் சுற்றவைத்து, அருகே வரும்போதெல்லாம் ஓர் உந்து கொடுத்து, சுற்றை நீட்டிக்கொண்டே போனார்கள். ஊஞ்சலில் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல என்றால் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். அதைக் கட்டமாக்கும்போது பூமிக்கு மிக அருகில் வரும் நேரத்தில் அழுத்தினால்தான் சுற்று நன்றாக நீளும்படி வையுங்கள். உண்மையும் அதுதான்.

சுற்றுப்பாதையை நிரலில் எழுதினால் வட்டமாக வராமல் விரிந்துகொண்டே போகிறது. என்ன தவறு?

அநேகமாக வரிகளின் வரிசை. ஒவ்வொரு கணமும் நிரல் செய்வது மூன்று வேலை: ஈர்ப்பைக் கணக்கிடுவது, வேகத்தை மாற்றுவது, இடத்தை நகர்த்துவது. ஈர்ப்பைக் கணக்கிட்ட பிறகு, பழைய வேகத்தை வைத்து இடத்தை நகர்த்திவிட்டு, கடைசியில் வேகத்தை மாற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் இல்லாத ஆற்றல் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும். செயற்கைக்கோள் சுருள்சுருளாக விலகி ஓடிவிடும். முதலில் வேகத்தை மாற்றுங்கள், அந்தப் புதிய வேகத்தை வைத்து இடத்தை நகர்த்துங்கள். இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும், சுற்று நிலைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. உங்களுக்கு ஆக வேண்டாம்.

தோற்றால் என்ன காட்டுவது? பிள்ளைகள் மனம் உடைந்துவிடாதா?

மோதியதும் 'ஆட்டம் முடிந்தது' என்று சிவப்பில் எழுதாதீர்கள். என்ன நடந்தது என்று காட்டுங்கள். நாங்கள் ஒரு கோட்டுப்படம் வைத்தோம். உயரம் குறையக்குறைய வேகம் எப்படி மாறியது என்று ஒரு கோடு, எஞ்சின் ஓடிய இடங்கள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில். எழுத்தே வேண்டாம். "லேட்டாப் போட்டுட்டேன்" என்று பிள்ளை தானே சொல்லிவிடும். உடனே மறுபடி ஆட ஒரே தட்டு போதுமானதாக இருக்க வேண்டும்.

இதற்குத் துணையாக ஓர் உண்மைக் கதையும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் லேண்டர் நிலவில் மோதி உடைந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைத் திருத்தும் அளவுக்கு வேகமாகத் திரும்ப முடியாதபடி லேண்டருக்கு வரம்பு இருந்தது, இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாக இருந்தது என்று 2023-ல் இஸ்ரோவின் தலைவராக இருந்த சோமநாத் விளக்கினார். அதனால் சந்திரயான்-3-இல் இறங்கும் இடத்தை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரித்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள். கூடுதல் எரிபொருள் வைத்தார்கள். ஐந்து எஞ்சினை நான்காக்கினார்கள். கேமில் இதை அப்படியே வைத்தோம். முதல் லேண்டர் சந்திரயான்-2 மாதிரி. மோதிய பிறகு எதை மாற்றலாம் என்று பிள்ளை தேர்ந்தெடுக்கலாம்: கால், எரிபொருள் தொட்டி, இறங்கும் இடம். எல்லாவற்றையும் கூட்ட முடியாது, எடை ஏறிவிடும். பொறியாளர்கள் நான்கு ஆண்டு யோசித்ததைப் பிள்ளை நான்கு நிமிடமாவது யோசிக்கும்.

பூமியிலிருந்து ரிமோட்டில் ஓட்டியிருக்கலாமே?

இதற்காகத்தான் அந்த அரை நொடியை நினைவில் வைக்கச் சொன்னேன். ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ சைகைக்கே நிலவுக்குப் போய்ச்சேர 1.3 நொடி ஆகும். எங்கள் கேமில் 'பெங்களூரிலிருந்து ஓட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு, இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் அங்கே இருப்பதால். அதைத் தட்டினால் திரையில் தெரியும் படம் 1.3 நொடி பழையதாகிவிடும். நீங்கள் அழுத்துவதும் 1.3 நொடி கழித்தே எஞ்சினுக்குப் போகும். அரை நொடி பிசகினாலே கால் உடையும் இடத்தில் 2.6 நொடி தாமதம். முதல் முயற்சியில் இதில் இறக்கிய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. லேண்டர் ஏன் தன் வழியைத் தானே தீர்மானித்து இறங்கியது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

எந்த மென்பொருளில் செய்வது? தமிழ் எழுத்து சரியாக வருமா?

பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதென்றால் ஸ்க்ராட்ச். இலவசம், கட்டைகளை இழுத்து அடுக்கினால் போதும். நீங்கள் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் கோடோ. அதுவும் இலவசம், திறந்த மூலம்.

தமிழ் எழுத்தில் கவனம் வேண்டும். கோடோவின் நான்காம் பதிப்பிலிருந்துதான் தமிழ் ஒழுங்காக வருகிறது. பழைய பதிப்புகளிலும், யூனிட்டி என்ற இன்னொரு கேம் மென்பொருளில் பலரும் பயன்படுத்தும் எழுத்துக் கருவியிலும், கொம்பு இடம் மாறிவிடும். 'செவ்வாய்' என்று எழுதினால் ச முதலில் நின்று, கொம்பு அதற்குப் பின்னால் வந்து, அடுத்த 'வ்'மேல் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். பெரியவர்கள் ஊகித்துப் படித்துவிடுவோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்து, தனக்குத்தான் தமிழ் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்த நிலைமைக்கு விடவே கூடாது. வேறு வழியில்லாவிட்டால் சொற்களைப் படமாக்கி ஒட்டுங்கள்.

கலைச்சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிள்ளையின் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல்லே முதல் தேர்வு. ஆனால் யாருடைய பாடப்புத்தகம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 'முடுக்கம்' என்பது இலங்கையில் 'ஆர்முடுகல்'. தமிழ்நாட்டில் திசையோடு சேர்ந்தால் 'திசைவேகம்', சேராவிட்டால் 'வேகம்'. இலங்கையிலோ திசையோடு சேர்ந்ததற்கே 'வேகம்' என்று பெயர், மற்றதற்குக் 'கதி'. ஒரே சொல் இரண்டு பொருள்! இரு நாட்டுப் பிள்ளைகளும் ஆட வேண்டுமென்றால் அமைப்பில் ஒரு தேர்வு வைத்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். ராக்கெட், லேண்டர், எஞ்சின் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பிள்ளைகள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

நிலவுப் படங்களுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

நாசாவின் படங்களும் முப்பரிமாண மாதிரிகளும் பெரும்பாலும் உரிமைத் தடை இல்லாதவை. நிலவின் முழு வரைபடமும் உயர விவரமும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நாசாவின் சின்னத்தை உங்கள் கேமில் ஒட்டக் கூடாது. இஸ்ரோ படங்களுக்கு அவர்களுடைய விதிமுறையைப் படித்துவிட்டு எடுங்கள்.

விளம்பரம் போட்டுக் கொஞ்சம் சம்பாதிக்கலாமா?

குழந்தைகள் கேமில் வேண்டாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்குட்பட்டவர்களை இணையத்தில் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் விதி இருக்கிறது. அவர்களின் விவரங்களை வாங்கப் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்கிறது அது. பெயர், பள்ளி, மின்னஞ்சல் எதையுமே கேட்காதீர்கள். இறங்குவதற்கு அவை எதுவும் தேவையில்லை. இணையம் இல்லாமலும் ஓடும்படி செய்யுங்கள்.

நம் ஊர்த் தொடர்பு ஏதாவது சேர்க்கலாமா?

நிறையவே இருக்கிறது. சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி திருநெல்வேலி மாவட்டத்தில். எனக்கு மிகப் பிடித்தது சித்தம்பூண்டி. நாமக்கல் பக்கத்துக் கிராமம். அங்குள்ள பாறை நிலவின் பாறையை ஒத்திருப்பதால், அதை அரைத்து நிலவு மண் போலாக்கி லேண்டர், ரோவர் சோதனைகளுக்கு இஸ்ரோ பயன்படுத்தியது. எங்கள் கேமின் பயிற்சிக் கட்டம் அந்த மண்மேல்தான் நடக்கிறது. நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கல்லா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நான்கைந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். "அந்தப் பட்டனை அழுத்து" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொண்டு, எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கவே முயலவில்லை. எஞ்சினை விடாமல் அழுத்திப் பிடித்தாள். லேண்டர் திரைக்கு மேலே போய் மறைந்தது. அங்கே ஒரு தடுப்புச் சுவர் வைத்திருக்க வேண்டும், வைக்க மறந்துவிட்டேன் என்று குறித்துக்கொண்டேன். உயர எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எரிபொருள் தீர்ந்தது. எண் ஏறுவது மெதுவாகி, நின்று, இறங்க ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் அசையாமல் அந்த எண்ணையே பார்த்திருந்து, லேண்டர் வந்து மோதியதும் என் பக்கம் திரும்பி, "எவ்வளவு பெட்ரோல் இருந்தா திரும்பி வராது?" என்று கேட்டாள்.

குறிப்பேட்டில் எழுதிய தடுப்புச் சுவரை அடித்துவிட்டேன். அடுத்த வாரம் அவள் கேள்வியே ஒரு புதுக் கட்டமானது. அதில் ஜெயிக்க நொடிக்கு 2.38 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும்.